ஜெர்மனில ரெண்டு வருஷ எம்.எஸ். ஏன் நாலு வருஷம் இழுக்குது?

11.10.2025 – வந்த கேள்வி

என் அக்கா பையன் 2021ல ஜெர்மனிக்கு எம்.எஸ். படிக்கப் போனான். ரெண்டு வருஷ கோர்ஸ், ஃபீஸே கிடையாதுன்னாங்க. விசாவுக்காக ஒரு வருஷச் செலவுக் காச முன்கூட்டியே போட்டு வெக்கிற ப்ளாக்டு அக்கவுண்ட்ல போட நான்தான் லோன் எடுத்துக் குடுத்தேன். இப்ப 2025 முடியப்போகுது, கேட்டா "தீசிஸ் போயிட்டிருக்கு மாமா"ங்கிறான். போன தீபாவளிக்கும் இதையேதான் சொன்னான். ஃபோட்டோல பாத்தா ப்ராக், ஸ்விட்சர்லாந்துன்னு நிக்கிறான். பையன் படிக்கிறானா, ஊர் சுத்துறானா? அங்க இருக்கிறவங்க உள்ளதச் சொல்லுங்க.

11.10.2025, ராத்திரி

ரெண்டும் பண்ணுவான் சார். ஃபோட்டோவ வெச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க. டிரெஸ்டன்ல இருக்கிற பையனுக்கு ப்ராக்குங்கிறது திருச்சிலருந்து மதுர போற தூரம்தான், பஸ்ஸும் சல்லிசு. நாலு செமஸ்டர் கோர்ஸ் ஆறு, ஏழு செமஸ்டர் ஆகுறது இங்க சர்வசாதாரணம், ஜெர்மன் பசங்களே இழுக்குறாங்க. நானும் நாலுல முடிக்கல. மீதி நாளைக்கு எழுதறேன், காலைல ஷிஃப்ட் இருக்கு.

12.10.2025

மொதல்ல பரீட்சைய எடுத்துக்குவோம், பாதிக் கதை அதுலதான் இருக்கு.

நம்மூர் இன்ஜினியரிங் காலேஜ்ல இன்டர்னல் உண்டு, அசைன்மென்ட் உண்டு, அட்டெண்டன்ஸ் கொறஞ்சா ஃபைன் கட்டணும், ஹெச்.ஓ.டி. வீட்டுக்கே ஃபோன் போட்டு "உங்க பையன் க்ளாஸுக்கு வரதில்ல"ன்னு மானத்த வாங்குவாரு. இங்க அது ஒண்ணும் கிடையாது. அக்டோபர் நடுவுல க்ளாஸ் ஆரம்பிச்சு பிப்ரவரி ஆரம்பத்துல முடியும், நடுவுல நீங்க ஒரு நாள்கூட தலைகாட்டலேன்னாலும் முக்கால்வாசி பாடத்துல யாரும் கேக்க மாட்டாங்க. கடைசில 90 நிமிஷமோ 120 நிமிஷமோ ஒரே பரீட்சை, மொத்த மார்க்கும் அதுலதான். அதுக்கும் போர்ட்டல்ல போயி நாமளே பதிவு பண்ணணும், கெடு தாண்டிட்டா அடுத்த வாட்டிதான். சில பாடத்துக்கு அந்த அடுத்த வாட்டி அடுத்த வருஷம்தான் வரும். இப்படி ஒரு பாடம் நழுவுனாலே ஒரு வருஷம் தள்ளிப்போயிடும் சார், பையன் சோம்பேறியா இருக்கணும்னு அவசியமே இல்ல.

ப்ரொஃபசர் கெட்டவர்லாம் இல்ல, மெயில் போட்டா பதில் வரும், நேரம் கேட்டா குடுப்பாரு. ஆனா அவரா வந்து "ஏம்ப்பா காணோம்"னு கேக்க மாட்டாரு. 22 வயசு வரைக்கும் யாராச்சும் வெரட்டித்தான் படிச்சிருப்போம், வெரட்ட ஆளில்லாத எடத்துல மொத வருஷம் எங்க போச்சுன்னே தெரியாது.

12.10.2025, கொஞ்ச நேரம் கழிச்சு

"அரியர் வெச்சு எழுதிக்க வேண்டியதுதானே"ன்னு சேலத்து தம்பி கேட்டிருக்காரு. தம்பி, அந்த நெனப்பு இருந்தா விமானம் ஏறுறதுக்கு முன்னாடியே தூக்கிப் போட்டுருங்க. பெரும்பாலான பல்கலைக்கழகத்துல ஒரு பாடத்துக்கு மூணே வாய்ப்பு. மூணாவதும் போச்சுன்னா, அது கட்டாயப் பாடமா இருந்தா, படிப்பே முடிஞ்சது. அந்தப் பல்கலைக்கழகத்த விட்டு வெளிய அனுப்பிருவாங்க, அதோட நிக்காது, அதே படிப்ப ஜெர்மனில வேற எங்கயும் தொடர முடியாது. படிப்ப வெச்சுத்தான் விசா, அதுவும் ஆட்டம் காணும். வேற துறைல சீட்டு தேடி மொதல்லருந்து ஆரம்பிக்கணும். என்னோட ஃப்ளோர்ல இருந்த நாமக்கல் பையன் மூணாவது வாய்ப்புக்கு முந்தின வாரம் சாப்பிடறத நிறுத்திட்டான், நாங்க மாத்தி மாத்தி ரசம் சாதம் கொண்டுபோய் வெச்சோம். பாஸ் ஆயிட்டான். ஜஸ்ட் பாஸ், 4.0.

எண்ணிக்கை எல்லா எடத்துலயும் ஒண்ணு இல்ல. சில எடத்துல கடைசி வாய்ப்புல கோட்ட விட்டா வாய்மொழித் தேர்வு ஒண்ணு வெச்சுப் பாப்பாங்க. அவங்கவங்க கோர்ஸோட தேர்வு விதிமுறைன்னு ஒரு பிடிஎஃப் வெப்சைட்லயே கிடக்கும், பெரும்பாலும் ஜெர்மன்ல இருக்கும், ட்ரான்ஸ்லேட்டர்ல போட்டாவது மொத வாரத்துலயே படிச்சிருங்க. எவனும் படிக்கிறதில்ல.

13.10.2025

4.0ன்னா டிஸ்டிங்ஷனான்னு ஒருத்தர் கேட்டிருக்காரு. தலைகீழ் சார் இங்க. 1.0 தான் உச்சம், 4.0 வரைக்கும் பாஸ், 5.0ன்னா ஃபெயில். எங்கம்மாகிட்ட 1.7 வாங்கிட்டேன்னு சந்தோஷமா சொன்னப்ப "எத்தனைக்குப்பா?"ன்னாங்க. "அஞ்சுக்கு"ன்னேன். அப்புறம் அப்பாகிட்ட மெதுவா ஃபோனக் குடுத்துட்டாங்க.

நம்ம சி.ஜி.பி.ஏ.வ இவங்க கணக்குக்கு மாத்த ஒரு ஃபார்முலா வெச்சிருக்காங்க, பவேரியன் ஃபார்முலாம்பாங்க. உச்ச மார்க்லருந்து உங்க மார்க்கக் கழிங்க, அத உச்ச மார்க்குக்கும் பாஸ் மார்க்குக்கும் உள்ள வித்தியாசத்தால வகுங்க, மூணால பெருக்கி ஒண்ணக் கூட்டுங்க. பத்துக்கு 7.5, பாஸ் 5ன்னா 2.5 வரும். நெறைய கோர்ஸ் 2.5க்கு மேல போனா அப்ளிகேஷனையே பாக்காது. அதனால 7.5க்குக் கீழ இருக்கிறவங்க ஒவ்வொரு கோர்ஸ் கண்டிஷனையும் நல்லா பாத்துட்டு அப்ளை பண்ணுங்க. பல காலேஜுக்கு அப்ளிகேஷன வாங்கி சரிபாக்கிற யூனி-அசிஸ்ட் வழியா போனா மொத அப்ளிகேஷனுக்கு 75 யூரோ, அப்புறம் ஒவ்வொண்ணுக்கும் 30, சும்மா பத்து எடத்துக்கு வீசிப்பாக்கிற வேல கட்டுப்படியாகாது.

16.10.2025

மறுபடி பரீட்சைக்கே வரேன், ஏன்னா நம்ம பசங்க பயன்படுத்தாம விடற ஒரு விஷயம் இருக்கு. ரிசல்ட் வந்ததும் திருத்தின பேப்பரப் பாக்க ஒரு நாள் வைப்பாங்க. ரீவேல்யூவேஷனுக்குப் பணம் கட்டி, ஃபோட்டோகாப்பிக்குத் தனியா கட்டி, அப்புறம் அதே மார்க் வர்ற கதையெல்லாம் இல்ல, இது ஓசி. அந்த நாமக்கல் பையனோட ரெண்டாவது அட்டெம்ப்ட் பேப்பரப் பாக்க நானும் கூடப் போனேன், என்னை வெளிய ஒக்கார வெச்சுட்டாங்க, கண்ணாடிக் கதவு வழியா தெரிஞ்சுது. மேஜைக்கு ஒருத்தர், பேனாவ வெளியவே வெச்சுட்டுப் போகணும், ஃபோன் கூடாது. பக்கத்துல ஒரு ரிசர்ச் ஸ்காலர் விடைத்தாள் நகலோட நிக்கிறாரு. பக்கத்து மேஜைல ஒரு ஜெர்மன் பொண்ணு அரை மார்க்குக்கு வரிக்கு வரி காமிச்சு வாதாடிட்டிருந்துச்சு, அவரும் தலையாட்டிக் கேட்டுட்டு போட்டுக் குடுத்தாரு. நம்மாளு ரெண்டு நிமிஷம் பொரட்டிட்டு "தேங்க் யூ"ன்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டான். வாத்தியார்கிட்ட எதிர்த்துப் பேசுனா இன்டர்னல்ல கை வெப்பாங்கன்னு நாலு வருஷம் பழகுன ஒடம்பு அது. ஃபெயிலுக்கும் பாஸுக்கும் நடுவுல ஒரு மார்க்கு ரெண்டு மார்க்குதான் இருந்துச்சு, கேட்டிருந்தா கெடச்சிருக்குமோ என்னவோ.

19.10.2025

"ஃபீஸ் இல்லேன்னா அப்புறம் ஏன் வேலைக்குப் போறாங்க, படிக்க வேண்டியதுதானே"ன்னு கேட்டவருக்கு.

ஃபீஸ் இல்லாதது உண்மைதான், பெரும்பாலான மாநிலத்துல அரசுப் பல்கலைக்கழகம்னா செமஸ்டர் கட்டணம் மட்டும்தான், சில நூறு யூரோ, பல எடத்துல பஸ் ட்ரெய்ன் டிக்கெட்டும் அதுலயே சேந்திருக்கும். ஆனா ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூஹ இருக்கிற பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்துல ஐரோப்பிய யூனியனுக்கு வெளியருந்து வர்ற புதுப் பசங்களுக்கு 2017லருந்தே செமஸ்டருக்கு 1,500 யூரோ. ம்யூனிக் டெக்னிக்கல் யூனிவர்சிட்டி 2024 குளிர்கால செமஸ்டர்லருந்து வாங்க ஆரம்பிச்சிருச்சு, மாஸ்டர்ஸ்னா செமஸ்டருக்கு 4,000லருந்து 6,000 வரைக்கும். "ஜெர்மனில எல்லாம் ஃப்ரீ"ங்கிற வீடியோவெல்லாம் கொஞ்சம் பழசு.

செலவு வேற எடத்துல இருக்கு. ப்ளாக்டு அக்கவுண்ட்ல இப்ப 11,904 யூரோ போடணும், மாசம் 992 வீதம் நமக்கே திரும்ப விடுவாங்க. அதுக்கு முன்னாடி நம்ம டிகிரி சரியானதுதான்னு பாத்துக் குடுக்கிற ஏ.பி.எஸ். சர்டிஃபிகேட்டுக்கு இந்தியால 18,000 ரூபா. இங்க வந்ததும் இன்ஷூரன்ஸ் மாசம் 140, 150 யூரோ, அப்புறம் ரூம் வாடகை. கிழக்குப் பக்கம் ஹாஸ்டல்னா 250, 300ல முடிஞ்சிரும், ம்யூனிக்ல அதுல ரெண்டு மடங்குக்கு மேல கேப்பாங்க, அதுக்கும் க்யூ. மொத வருஷம் அந்த ப்ளாக்டு காசுல ஓடிரும். ரெண்டாவது வருஷம் யார் குடுப்பா? மாமாகிட்ட மறுபடி கேக்க எந்தப் பையனுக்கும் வாய் வராது சார். லோன் வட்டி வேற ஊர்ல ஏறிட்டிருக்கும். அப்பதான் ராத்திரி ஷிஃப்ட்டு.

நான் பார்சல் குடோன்ல நின்னிருக்கேன். சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போனா ராத்திரி பத்து, பெல்ட்ல வர்றத எடுத்து ட்ரெய்லருக்குள்ள செவுரு மாதிரி அடுக்கணும். நாய்த்தீனி மூட்ட, டயரு, மடிச்ச சோஃபா எல்லாம் வரும். டிசம்பர்ல ட்ரெய்லர் கதவு தெறந்தே கெடக்கும், வெளிய மைனஸ் நாலு, உள்ள வேர்வை. அந்த க்ளவுஸ் நாத்தம் ரூமுக்கு வந்தப்பறமும் கைல இருக்கும். வந்து குளிச்சுட்டு கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் புக்கத் தெறந்தா மூணாவது வரில கண்ணு சொருகும். அந்த செமஸ்டர் நாலு பாடம் பதிவு பண்ணிட்டு ரெண்டுதான் எழுதுனேன்.

20.10.2025

வேல நேரத்தப் பத்தி 120 நாள்னு ஒருத்தர் போட்டிருக்காரு. அது பழைய கணக்கு. 2024 மார்ச்லருந்து வருஷத்துக்கு 140 முழு நாள், இல்ல 280 அரை நாள். க்ளாஸ் நடக்கிற சமயத்துல வாரம் 20 மணி நேரத்தத் தாண்டுனா இன்ஷூரன்ஸ் கணக்கு வேற மாதிரி போயிடும், லீவுல அந்தக் கட்டுப்பாடு இல்ல. பல்கலைக்கழகத்துக்குள்ளயே ப்ரொஃபசர்கிட்ட உதவியாளரா பாக்கிற ஹிவி வேல இந்த நாள் கணக்குல வராது. அது கெடச்சா விடாதீங்க, மணிக்கு குறைஞ்சபட்சக் கூலியாவது வரும், 2025ல 12.82 யூரோ, 2026 ஜனவரிலருந்து 13.90. குடோனும் அதே ரேட்டுதான், ஆனா இங்க ஹீட்டர் பக்கத்துல ஒக்காந்துக்கலாம், ப்ரொஃபசருக்கு மொகம் தெரியும், தீசிஸ் கேக்கறப்ப அது ஒதவும்.

26.10.2025

ஒரு வாரமா இத யோசிச்சிட்டிருந்தேன். மேல எழுதுனது எல்லாம் சரிதான், ஆனா பாதிதான். முடிக்க முடியாம இழுக்கிறவன் ஒரு ரகம். முடிக்கத் தெரிஞ்சும் முடிக்காம வெச்சிருக்கிறவன் இன்னொரு ரகம், அவன்தான் எண்ணிக்கைல அதிகம்னு எனக்குத் தோணுது. இத வீட்ல சொன்னா புரியாதுன்னு எவனும் சொல்றதில்ல.

கணக்கு இப்படி. டிகிரி முடிச்சதும் வேல தேட 18 மாசம் விசா குடுப்பாங்க. முடிச்ச அன்னிலருந்து அந்தக் கடியாரம் ஓட ஆரம்பிச்சிரும். ஸ்டூடண்டா இருக்கிற வரைக்கும் கம்பெனில வெர்க்ஷ்டூடண்ட்னு படிச்சுக்கிட்டே பாக்கிற பார்ட்-டைம் வேல கெடைக்கும், படிக்கிற துறைலயே, குடோன் இல்ல, ஆஃபீஸ்ல. இன்ஷூரன்ஸ் 30 வயசு வரைக்கும் மாணவர் ரேட்டு. பஸ் ட்ரெய்ன் டிக்கெட்டு சல்லிசு, காலேஜ் கேன்டீன், மென்சாம்பாங்க, அதுல மத்தியான சாப்பாடு மாணவர் விலை. டிகிரி வாங்குன மறுநாள் இது எல்லாமே போயிடும். அதனால பசங்க என்ன பண்றாங்கன்னா, பாடம் எல்லாம் முடிச்சுட்டு தீசிஸ மட்டும் கைல வெச்சுக்கிட்டு, ஒரு கம்பெனில நொழஞ்சு, அங்கயே தீசிஸ் பண்ணி, அவங்களே வேலைக்கு எடுத்துக்குவாங்கன்னு உறுதியான அப்பறம்தான் சப்மிட் பண்றாங்க. நடுவுல ஜெர்மன் மொழில பி1, பி2 லெவல் முடிச்சுக்கிறாங்க. இங்லீஷ்லயே கோர்ஸ் படிச்சுட்டு ஜெர்மன் தெரியாம வெளிய வந்தா சின்ன ஊர் கம்பெனில ஒருத்தனும் கூப்பிட மாட்டான்.

இது சோம்பேறித்தனம் இல்ல சார், முழுக்க முழுக்க கணக்குதான். ஆனா இதுலயும் ஆபத்து இருக்கு. சந்தை படுத்துருச்சுன்னா, இப்ப கார் கம்பெனிங்க ஆள் எடுக்கிறத கொறச்சிருக்கிற மாதிரி, காத்திருந்த பையன் காத்திட்டே இருப்பான். வெளிநாட்டவர் அலுவலகத்துலயும், படிப்பு நியாயமான காலத்துல முடியும்னு நம்புனாத்தான் விசாவ நீட்டிப்பாங்க, காலேஜ்லருந்து லெட்டர் கேப்பாங்க.

அதனால உங்க அக்கா பையன்கிட்ட "எப்ப முடிப்ப"ன்னு கேக்காதீங்க, "தீசிஸ் போயிட்டிருக்கு"ன்னுதான் வரும். "120 க்ரெடிட்ல எத்தன முடிச்சிருக்க, ட்ரான்ஸ்க்ரிப்ட், அதான் மார்க் லிஸ்ட், ஒண்ணு அனுப்பு"ன்னு கேளுங்க. 90ன்னா பாடம் எல்லாம் முடிஞ்சுது, தீசிஸோட 30 மட்டும்தான் பாக்கி. 60ன்னா வேற பிரச்சன, அப்ப திட்டாதீங்க, நேரா பேசுங்க.

26.10.2025, ராத்திரி

போலீஸ் விசாரணை மாதிரி கேக்காதீங்கன்னும் சேத்துக்கிறேன். லோன் குடுத்த மாமா ட்ரான்ஸ்க்ரிப்ட் கேட்டா பையன் ஃபோன எடுக்கிறதையே நிறுத்திருவான். அக்கா மூலமா கேளுங்க.

2.11.2025

இந்தக் கேள்வி-பதில் எங்கெங்கயோ போகுது, நானும் போறேன். "அங்க நம்மாளுங்களே இல்லாம எப்படி இருக்கீங்க"ன்னு ஒரு அம்மா கேட்டிருக்காங்க. அம்மா, 2023-24ல மட்டும் 49,000க்கு மேல இந்தியப் பசங்க இங்க படிச்சாங்க, வெளிநாட்டு மாணவர்ல சீனாவத் தாண்டி நாமதான் மொத எடம். கெம்னிட்ஸ், மாக்டெபுர்க் மாதிரி ஊர்ல ட்ராம்ல ஏறுனா தெலுங்கும் தமிழும்தான் காதுல விழும்.

ஆனா என்னைத் தமிழாளா நெனச்சுப் பாத்துக்கிட்டது ஈழத்துக்காரங்க. அவங்க எண்பதுகள்லயே வந்தவங்க, பெரும்பாலும் மேற்குப் பக்கம். ரூர் பகுதில ஒரு கடைல மொத தடவ கறிவேப்பில வாங்கப் போனப்ப கடைக்கார ஐயா "தம்பி என்ன படிக்கிறியள்? எங்க தங்கியிருக்கிறியள்?"னு கேட்டுட்டு ரெண்டு கட்டு எடுத்து ஒண்ணுக்குத்தான் காசு வாங்குனாரு. அவரு வந்த புதுசுல ஒரு ஹோட்டல் அடுக்களைல தட்டுக் கழுவுன கதையச் சொன்னாரு, அதுக்கப்பறம் என் குடோன் கதைய அவர்கிட்ட எடுக்கவே இல்ல. ஹம் ஊர்ல காமாட்சி அம்பாள் கோயில் இருக்கு, 2002ல கும்பாபிஷேகம் ஆன பெரிய கோயில், சுத்தி பூராவும் தொழிற்பேட்டை. தேர்த் திருவிழாவுக்குப் போனா காவடியும் அன்னதானமும் பாத்துட்டு நாம எந்த நாட்ல இருக்கோம்னே மறந்துரும். ஸ்டூடண்ட் டிக்கெட்லயே லோக்கல் ட்ரெய்ன் மாத்தி மாத்திப் போயிடலாம்.

9.11.2025

கேள்வி கேட்ட சாரே திரும்பி வந்திருக்காரு. க்ரெடிட் 90ஆம், ஒரு கம்பெனில பார்ட்-டைமா இருக்கானாம், தீசிஸ் தலைப்பு அங்கருந்தே வரணும்னு காத்திருக்கானாம். "அப்ப இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே"ன்னு கேக்கறாரு. சொல்லலாம்தான். ஆனா "வேல உறுதியானாத்தான் டிகிரி வாங்குவேன்"னு ஊர்ல எந்த மாமாகிட்ட சொல்ல முடியும் சார், நீங்களே சொல்லுங்க. ஒண்ணு மட்டும் அவன்கிட்ட கேளுங்க, தலைப்புக்கு எது வரைக்கும் காத்திருப்பேன்னு ஒரு தேதி வெச்சிருக்கானான்னு. அந்தத் தேதி தாண்டுனா காலேஜ்லயே ஏதாவது ப்ரொஃபசர்கிட்ட தலைப்பு வாங்கி ஆறு மாசத்துல முடிச்சிரலாம். கம்பெனி தீசிஸ்தான் வேணும்னு அடம் பிடிச்சு ஒரு வருஷம் விட்டவங்களப் பாத்திருக்கேன்.

30.11.2025

புதுசா வரப்போற பசங்களுக்கு: ஏஜென்ட் காசு வாங்காம அட்மிஷன் வாங்கித் தரேன்னா, அந்தக் காலேஜ்லருந்து கமிஷன் வாங்குறாருன்னு அர்த்தம், அப்ப அது அனேகமா தனியார்தான். வருஷத்துக்கு பத்தாயிரம் யூரோவும் அதுக்கு மேலயும் போகும். ஹோக்‌ஷூல்கொம்பாஸ்னு ஒரு சைட்டு இருக்கு, பேரப் போட்டா அரசா தனியாரான்னு சொல்லிரும். ரெண்டு நிமிஷ வேல.

ரூம் பாக்காம, சாவி வாங்காம யாருக்கும் அட்வான்ஸ் அனுப்பாதீங்க. "நான் இப்ப லண்டன்ல இருக்கேன், சாவிய கூரியர்ல அனுப்பறேன்"னு எவனாச்சும் மெயில் போட்டா அப்பவே மூடிருங்க. வாடகைக்கு விடறவர் கையெழுத்துப் போட்ட தாள் ஒண்ணு இருந்தாத்தான் அட்ரஸ் பதிவு பண்ண முடியும், குடிபோன ரெண்டு வாரத்துக்குள்ள பண்ணணும். "பதிவுக்கெல்லாம் தாள் தர மாட்டேன்"னு சொல்ற வீடு எவ்வளவு சல்லிசா இருந்தாலும் வேண்டாம்.

7.2.2026

பரீட்சை சீசன் வந்திருச்சு, இன்பாக்ஸ்ல ஒரே கேள்விதான், "அண்ணா, காய்ச்சல், போகாம விட்டா என்ன ஆகும்?" பதிவு பண்ணிட்டு சொல்லாம போகாம விட்டா 5.0, மூணு வாய்ப்புல ஒண்ணு காலி. வாபஸ் வாங்குற கெடு இன்னும் இருந்தா போர்ட்டல்ல இப்பவே வாபஸ் வாங்கிருங்க, காரணம்கூட கேக்க மாட்டாங்க. கெடு தாண்டிருச்சுன்னா பரீட்சை அன்னிக்கே டாக்டர்கிட்ட போங்க, மறுநாள் வாங்குற சர்டிஃபிகேட் பல எடத்துல செல்லாது. சில காலேஜ் அதுக்குன்னு தனி ஃபாரம் வெச்சிருக்கு, அத ப்ரிண்ட் எடுத்துட்டே போங்க, டாக்டர்கிட்ட ரெண்டாவது தடவ அப்பாயின்ட்மென்ட் கேட்டீங்கன்னா காய்ச்சல் போய் அடுத்த காய்ச்சல் வந்திரும்.

அப்புறம் அடுத்த செமஸ்டர் கட்டணம், பல எடத்துல இந்த மாசத்துக்குள்ளதான் கட்டணும். கட்டாம விட்டா அட்மிஷனே போயிடும், யாரும் ஃபோன் பண்ணி ஞாபகப்படுத்த மாட்டாங்க. இத எழுதிட்டிருக்கும்போதே எங்க வீட்ல இருக்கிற தம்பி எழுந்து போயி லேப்டாப்பத் தெறக்கிறான், கட்டலன்னு நெனைக்கிறேன்.